ஒரே வயரில் 94, 80, பூஜ்ஜியம்

ராயபுரத்தில் ஒரு பழைய மாடி வீடு. சுவிட்சை அணைத்த பிறகும் மாடிப்படி எல்இடி பல்பு ராத்திரி முழுக்க மினுக் மினுக்கென்று கண் சிமிட்டுகிறது என்று அந்த வீட்டு ஆயா சொல்லி அனுப்பியிருந்தார். நான் போனபோது, முப்பது வருஷமாக அந்தப் பக்கம் வயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் எனக்கு முன்னாலேயே வந்து நின்றார். பல்பைக் கழற்றினோம், சுவிட்ச் ஆஃப். ஹோல்டரில் என் டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் 94 வோல்ட். அவர் பையிலிருந்து பழைய முள் மீட்டரை எடுத்து வைத்தார், முள் 80 பக்கம் நின்றது. "இரு தம்பி" என்று சொல்லிவிட்டு, இரண்டு வயர் நீட்டிய ஹோல்டரில் 40 வாட் குண்டு பல்பு மாட்டிய டெஸ்ட் லேம்ப்பை வைத்தார். எரியவில்லை. அந்த பல்பு அங்கேயே இருக்க, பக்கத்திலேயே என் மீட்டரை மறுபடி வைத்துப் பார்த்தேன், இந்த முறை பூஜ்ஜியம்.

"உன் மீட்டர் பொய் சொல்லுது" என்றார் அண்ணன். ஆயாவோ, ஒரு எலுமிச்சம்பழம் கட்டிவிடலாமா என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. இந்த மாதிரி வோல்டேஜுக்கு ஆங்கிலத்தில் பேய் வோல்டேஜ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு மூன்று கருவியும் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. மூன்றும் அந்த வயரிடமிருந்து வெவ்வேறு அளவு கரண்ட்டை வாங்கிக்கொண்டு, வாங்கிய பிறகு என்ன மிச்சமோ அதைக் காட்டின. வோல்ட் மீட்டர் என்று எதை வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அளக்கும்போது இது சர்க்யூட்டிலிருந்து எவ்வளவு எடுக்கும்? ஐநூறு ரூபாயா ஐயாயிரம் ரூபாயா என்பதெல்லாம் அப்புறம்.

அந்த வயருக்கு வருவோம். சுவிட்ச் ஆஃப் ஆனதும் ஹோல்டருக்குப் போகும் வயர் எதோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது. ஆனால் அதே பைப்புக்குள் ஃபேஸ் வயரும் நியூட்ரல் வயரும் அதை ஒட்டியே பத்துப் பதினைந்து மீட்டர் ஓடுகின்றன. இரண்டு செம்பு, நடுவில் பிவிசி, அவ்வளவுதான், ஏசியைக் கொஞ்சமாகக் கசியவிடும் ஒரு கெப்பாசிட்டர் ஆகிவிட்டது. ஒரு மீட்டர் நீளத்துக்கு நூறு பிக்கோ ஃபாரட்டுக்குள் ஏதோ ஒன்று வரும் என்று வைத்தால், மொத்தத்தில் ஒரு நானோ ஃபாரட் அளவு. 50 ஹெர்ட்ஸில் ஒரு நானோ ஃபாரட் என்பது சுமார் 3.2 மெகா ஓம் தடைக்குச் சமம். 240 வோல்ட் அதன் வழியாகத் தள்ளக்கூடிய கரண்ட் வெறும் 75 மைக்ரோ ஆம்பியர்.

40 வாட் பல்பு எரிய 167 மில்லி ஆம்பியர் வேண்டும். கிடைப்பது அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை, பிறகு எப்படி எரியும். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம், அது கேட்பது பத்து மைக்ரோ ஆம்பியர் கூட இல்லை, ஆகவே வயரில் இருப்பதைக் கிட்டத்தட்ட அப்படியே காட்டியது. முள் மீட்டர் 250 வோல்ட் ஏசி ரேஞ்சில் 2 மெகா ஓம் பக்கம், கொஞ்சம் இழுத்துவிட்டது, 80. டெஸ்ட் லேம்ப் மொத்தத்தையும் விழுங்கிவிட்டது. எல்இடி பல்பு ஏன் சிமிட்டியது? அதற்குள் இருக்கும் சின்ன கெப்பாசிட்டர் அந்த மைக்ரோ ஆம்பியரைச் சேர்த்துச் சேர்த்து வைத்து, போதுமானது சேர்ந்ததும் ஒரு தடவை மின்னிவிட்டு மறுபடி சேர்க்க ஆரம்பிக்கிறது. உண்டியல் மாதிரி.

இதனால்தான் சில நல்ல மீட்டர்களில் வேண்டுமென்றே உள்தடையைச் சில கிலோ ஓமுக்கு இறக்கும் ஒரு நிலை வைத்திருக்கிறார்கள், லோ-இசட் என்று எழுதியிருக்கும். டெஸ்ட் லேம்ப்பை மீட்டருக்குள்ளேயே வைத்தது மாதிரி. வீட்டு வயரிங் மட்டும் பார்ப்பவருக்கு அது ஒன்று போதும், அண்ணனுடைய டெஸ்ட் லேம்ப்பும் போதும். ஆனால் ஒன்று, சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்ட வீடுகளிலும் எல்இடி இப்படியே சிமிட்டும், அங்கே ஹோல்டரில் நிஜமாகவே ஃபேஸ் நிற்கும். டெஸ்ட் லேம்ப்பை ஹோல்டருக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு தடவை வைத்துப் பார்த்த பிறகுதான் கையை வைக்க வேண்டும். நியான் டெஸ்டர் பேய் வோல்டேஜ், நிஜ ஃபேஸ் இரண்டுக்கும் ஒரே மாதிரி சிவப்பாக எரிந்து குழப்பும், அதை நம்பி நான் எதையும் தொடுவதில்லை.

ராயபுரத்தில் 10 மெகா ஓம் குழப்பியது. என் மேசையில், தண்டையார்பேட்டையில் இன்வெர்ட்டரும் யுபிஎஸ்ஸும் பழுது பார்க்கும் இடத்தில், கதை நேர் எதிர். போர்டுகளில் நூறு கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடர்ச்சியாகப் போட்டு 12 வோல்ட்டைப் பாதியாகப் பிரித்திருப்பார்கள், நடுவில் 6 வோல்ட் இருக்க வேண்டும். முள் மீட்டரில் டயல் ஓரத்தில் "20 கிலோ ஓம் ஒரு வோல்ட்டுக்கு" என்கிற அர்த்தத்தில் ஒரு எண் இருக்கும், டிசி 10 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் மீட்டர் 200 கிலோ ஓம். அது கீழ் ரெசிஸ்டரோடு பக்கவாட்டில் சேர்ந்துகொள்ள, 6 வோல்ட் இருந்த இடத்தில் 4.8 காட்டும். மஞ்சள் நிற மலிவு டிஜிட்டல் மீட்டர், எல்லாக் கடையிலும் தொங்குமே அது, பார்க்க டிஜிட்டலாக இருந்தாலும் உள்தடை 1 மெகா ஓம்தான், அதில் 5.7 வரும். 10 மெகா ஓம் மீட்டரில் 5.97. ஐசி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, 4.8-ஐ நம்பி நல்ல ஐசியைக் கழற்றிப் போட்டவர்கள் எத்தனை பேர்! ஆரம்பத்தில் நானும் செய்திருக்கிறேன்.

அந்த 20 கிலோ ஓம் எங்கிருந்து வருகிறது என்றால், முள்ளை முழுக்கத் தள்ள 50 மைக்ரோ ஆம்பியர் வேண்டும், ஒரு வோல்ட்டை 50 மைக்ரோ ஆம்பியரால் வகுத்தால் 20 ஆயிரம் ஓம். காந்தத்துக்கு நடுவில் ஒரு சுருள், அதற்கு ஒரு மெல்லிய ஸ்பிரிங், அதில் ஒட்டிய முள். 1880-களில் பிரான்சின் டார்சன்வால் பெயரால் புகழ்பெற்ற அமைப்பு இன்றும் அதேதான். பிரிட்டிஷ் தபால் துறை இன்ஜினியர் டொனால்ட் மக்கேடி, ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றுக்கும் மூன்று பெட்டி தூக்கிக்கொண்டு அலைவது சலித்துப்போய் ஒன்றாகச் சேர்த்ததுதான் 1923-இல் விற்பனைக்கு வந்த ஏவோ மீட்டர். மல்டிமீட்டர் என்கிற சாமானுக்கே மூலம் ஒரு தபால் துறைக்காரரின் தோள்வலி.

டிஜிட்டல் மீட்டருக்குள் என்ன நடக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஏனென்றால் அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. உள்ளே ஒரு கெப்பாசிட்டர். அளக்க வேண்டிய வோல்டேஜைக் கொண்டு அதை ஒரு குறிப்பிட்ட நேரம், உதாரணத்துக்கு ஆயிரம் துடிப்பு எண்ணும் வரை, நிரப்புகிறது. பிறகு அந்த வோல்டேஜைத் துண்டித்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரு ஒப்பீட்டு வோல்டேஜைத் தலைகீழாகக் கொடுத்துக் காலி செய்கிறது. காலியாக எத்தனை துடிப்பு ஆனது என்று எண்ணுகிறது, அந்த எண்தான் திரையில் வருகிறது. குடத்தை ஆயிரம் எண்ணும் வரை குழாயில் பிடித்து, பிறகு அளவு தெரிந்த ஓட்டை வழியாக வடியவிட்டு, எத்தனை எண்ணினோம் என்று பார்த்தால் குழாயின் வேகம் தெரிந்துவிடும் அல்லவா, அதே. குடம் பெரிதா சின்னதா என்பது பற்றிக் கவலையில்லை, நிரப்பியதும் வடித்ததும் ஒரே குடம். அதாவது கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் வெயிலில் கொஞ்சம் மாறினாலும் விடை மாறாது, ஒப்பீட்டு வோல்டேஜ் மட்டும் அசையாமல் இருந்தால் போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. நிரப்பும் நேரத்தை 20 மில்லி விநாடியின் மடங்காக வைத்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலின் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு இறக்கம் சரியாக ஈடாகி, மொத்தமும் தானாகவே கழிந்துவிடும். சுற்றிலும் மின்சார வயர் ஓடும் இடத்தில் டிசி அளக்கும்போது எண் ஆடாமல் நிற்பது இதனால்தான். இதற்குக் கொடுக்கும் விலை வேகம்தான்: மலிவு மீட்டரில் விநாடிக்கு இரண்டு மூன்று எண்தான் வரும்.

சரி, திரையில் ஆடாமல் நிற்கும் எண்ணை எவ்வளவு நம்பலாம்? மீட்டரோடு வரும் தாளை யாரும் படிப்பதில்லை, அதில் "0.5 சதவீதம் கூட்டல் 3 இலக்கம்" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். சதவீதம் புரிந்துவிடும், அந்த 3 இலக்கம்தான் ஆளைக் கவிழ்ப்பது. கடைசி இலக்கத்தில் மூன்று வரை தப்பு வரலாம் என்று அர்த்தம். 12 வோல்ட் பேட்டரியை 20 வோல்ட் ரேஞ்சில் அளந்தால் கடைசி இலக்கம் 0.01, ஆகவே தப்பு 0.06 கூட்டல் 0.03, மொத்தம் 0.09 வோல்ட். அதே பேட்டரியைச் சோம்பேறித்தனமாக 200 வோல்ட் ரேஞ்சிலேயே வைத்து அளந்தால் கடைசி இலக்கம் 0.1, தப்பு 0.06 கூட்டல் 0.3, மொத்தம் 0.36 வோல்ட்.

இன்வெர்ட்டர் பேட்டரியில் 0.36 வோல்ட் என்பது சின்ன விஷயமில்லை. ஓய்வில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி முழுசாக ஏறியிருந்தால் 12.6, 12.7 காட்டும், பாதி என்றால் 12.2 பக்கம், 11.9-க்கு வந்தால் கிட்டத்தட்ட காலி. மொத்த ஆட்டமும் சுமார் முக்கால் வோல்ட்தான். 200 ரேஞ்சில் அளந்து "பேட்டரி பாதிதான் இருக்கு" என்று சொல்பவர் தன் கையில் உள்ள மீட்டரின் தப்பைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதையெல்லாம் விட என்னை நன்றாக மாட்டிவிட்டது ஏசி அளவு. தொழிலுக்கு வந்த புதிதில், வியாசர்பாடியிலிருந்து ஒருவர் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் கொண்டுவந்தார், ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று புகார். என்னிடம் இருந்த சாதாரண மீட்டரில் அவுட்புட் 180 வோல்ட். ஆஹா கண்டுபிடித்துவிட்டோம் என்று உள்ளே இருந்த ப்ரீசெட்டைத் திருகி, மீட்டரில் 230 வரும் வரை ஏற்றி, பணம் வாங்கி அனுப்பிவிட்டேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். மூன்று குண்டு பல்பு ஃபியூஸ், ஃபேன் ரெகுலேட்டரும் சூடாகிறது.

என்ன ஆனது என்றால், சாதாரண மீட்டர் ஏசியின் சராசரியை அளந்து, அதை 1.11-ஆல் பெருக்கி, ஆர்எம்எஸ் (அதே சூட்டைத் தரும் டிசி வோல்டேஜ்) என்று காட்டுகிறது. ஈபி கரண்ட் போன்ற சைன் அலைக்கு அந்த 1.11 சரி. ஸ்கொயர் வேவ் என்று விற்கும் இந்த மாதிரி இன்வெர்ட்டரில் அலை அப்படியில்லை, 325 வோல்ட் கொஞ்ச நேரம், அப்புறம் பூஜ்ஜியம் கொஞ்ச நேரம், பிறகு கீழ்ப் பக்கம் 325 என்று வெட்டி வெட்டி வரும். பாதி நேரம் 325-இல் நின்றால் நிஜ ஆர்எம்எஸ் 230. சராசரியோ 162, அதை 1.11-ஆல் பெருக்கினால் 180. அதாவது அந்த இன்வெர்ட்டர் முதலில் சரியாகத்தான் இருந்தது! நான் துடிப்பை அகலப்படுத்தி மீட்டரில் 230 வரவைத்தபோது வீட்டுக்கு நிஜமாகப் போனது 260 பக்கம். ஃபேன் மெதுவாகச் சுற்றியதற்குக் காரணம் ஃபேனின் கெப்பாசிட்டர், அது பிறகு தெரிந்தது. அவரிடம் மூன்று பல்புக்கும் காசு கொடுத்துவிட்டு, அந்த மாதமே கடன் வாங்கி, அலை எப்படியிருந்தாலும் நிஜ ஆர்எம்எஸ்ஸைக் காட்டும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் வாங்கினேன். எல்இடி டிரைவர், டிம்மர், இன்வெர்ட்டர் ஏர்கண்டிஷனர் என்று அலையை நறுக்கும் சாமான்களே வீடு முழுக்க இருக்கும் இன்றைக்கு, ட்ரூ ஆர்எம்எஸ் இல்லாத மீட்டரில் ஏசி அளப்பதை நான் அளவாகவே எடுத்துக்கொள்வதில்லை.

ஒன்றுமே எடுக்காமல் அளக்க முடியுமா என்றால், முடியும், பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்கள் அதைக் கையால் செய்திருக்கிறார்கள். மின்னழுத்தமானி. மரப்பலகையில் நீள நீளமாக ஓடும் கம்பி, கையில் ஜாக்கி, மேசையில் துளி கரண்ட்டுக்கும் முள் அசையும் கால்வனாமீட்டர். கம்பியில் ஜாக்கியை நகர்த்திக்கொண்டே போனால் ஓர் இடத்தில் முள் பூஜ்ஜியத்தில் நிற்கும். அந்த இடத்தில் கம்பியின் வோல்டேஜும் மின்கலத்தின் வோல்டேஜும் முட்டிக்கொண்டு சமமாக நிற்கின்றன, கலத்திலிருந்து கரண்ட்டே எடுக்கப்படுவதில்லை. நாங்கள் அன்றைக்கு ரெக்கார்டு நோட்டில் நீளத்தை எழுதி மார்க் வாங்குவதோடு சரி, அது 1841-இல் பொக்கென்டார்ஃப் கண்டுபிடித்த, வோல்ட் மீட்டர் எதுவும் எட்ட முடியாத ஒரு தந்திரம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் மரியாதையோடு ஜாக்கியைப் பிடித்திருப்பேன். ரொம்ப காலம் உலகம் முழுக்க வோல்ட்டைக் காப்பாற்றியது இந்த முறையும், 1.0183 வோல்ட்டில் அசையாமல் நிற்கும் வெஸ்டன் கலமும்தான். அந்தக் கலத்திலிருந்து கரண்ட் எடுத்தால் கெட்டுவிடும், ஆகவே எடுக்காத முறையில்தான் ஒப்பிட வேண்டும்.

இப்போது அந்த இடத்தில் ஜோசப்சன் சந்தி. 1962-இல் பிரையன் ஜோசப்சன் கணக்குப் போட்டுச் சொன்னது: இரண்டு மீகடத்திகளுக்கு (கடுங்குளிரில் தடையே இல்லாமல் கரண்ட் ஓடும் பொருள்கள்) நடுவில் மெல்லிய தடுப்பு வைத்து மைக்ரோ அலையைப் பாய்ச்சினால், அலையின் அதிர்வெண்ணைப் பொறுத்துத் துல்லியமான படிகளில் வோல்டேஜ் வரும். 70 கிகா ஹெர்ட்ஸுக்கு ஒரு படி சுமார் 145 மைக்ரோ வோல்ட், ஆகவே 10 வோல்ட் வேண்டுமானால் ஆயிரக்கணக்கான சந்திகளைக் கோர்க்க வேண்டும். நம் நாட்டில் வோல்ட்டுக்குக் காவல் டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கிருந்து படிப்படியாக அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடங்கள் வழியே இறங்கி வருவதுதான் மீட்டரோடு வரும் காலிபரேஷன் சான்றிதழ். ஐநூறு ரூபாய் மீட்டருக்கு அது கிடையாது, எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ராயபுரத்தில் ஆயாவின் வீட்டில் தொல்லை கொடுத்த அதே கெப்பாசிட்டர் சமாச்சாரத்தைத்தான், எண்ணூர் பக்கம் 230 கிலோ வோல்ட், 400 கிலோ வோல்ட் லைன்களை அளக்க வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். அத்தனை வோல்டேஜுக்கு யார் மீட்டரை வைப்பது. சப்ஸ்டேஷனில் இதற்கென்றே ஒரு கருவி உயரமான பீங்கான் தூண் மாதிரி நிற்கும், உள்ளே கெப்பாசிட்டர்கள் அடுக்கடுக்காக, அடிப்பக்கத்தில் சின்னப் பங்கைப் பிரித்து எடுத்து, டிரான்ஸ்ஃபார்மரால் 110 வோல்ட்டை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவுக்கு, அதாவது 63.5 வோல்ட்டுக்கு இறக்கிக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும். கடல் உப்பும் சாம்பலும் படியும் ஊரில் அந்தப் பீங்கானைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது தனிக் கதை.

உப்பு என்றதும் காசிமேடு. போன கோடையில் அங்கே மூன்றாவது மாடியில் ஒரு வீட்டுக்காரர், லோ வோல்டேஜ், ஏசி (ஏர்கண்டிஷனர்) ஓட மாட்டேன் என்கிறது, ஸ்டெபிலைசர் எது வாங்கலாம் என்று கேட்டார். வருகிற லைனில்தான் குறை என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. ஏசி ஆஃபில் இருக்கும்போது எல்லா இடத்திலும் 231, ஒரு குறையுமில்லை. இங்கேதான் ராயபுரத்துப் பாடத்தைத் திருப்பிப் போட வேண்டும், கரண்ட் எடுக்காமல் அளந்தால் இந்தக் கோளாறு ஒளிந்துகொள்ளும். கம்ப்ரெஸர் ஓட, 8 ஆம்பியர் இழுக்கும்போது அளந்தேன்: கீழே மீட்டர் பெட்டியில் 229, மேலே ஏசி பாயிண்டில் 210. பத்தொன்பது வோல்ட் வீட்டுக்குள்ளேயே காணாமல் போகிறது.

அதைத் தேடும் முறை சுலபம், ஆனால் நிறைய பேர் செய்வதில்லை. மீட்டரின் இரண்டு முனையையும் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைக்காமல், ஒரே லைனில் ஒரு இணைப்புக்கு முன்னும் பின்னும் வைப்பது. நல்ல இணைப்பில் ஏறக்குறைய ஒன்றும் வரக்கூடாது. (மீட்டர் பெட்டியில் இதைச் செய்ய கேட் 3 அல்லது கேட் 4 (CAT III, CAT IV) என்று பாதுகாப்புத் தரம் அச்சிட்ட, நல்ல ஃபியூஸ் போட்ட மீட்டர் வேண்டும். சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் செருகியபடியே இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள், இருந்தால் அது மீட்டர் இல்லை, ஷார்ட் சர்க்யூட்.) மெயின் ஃபியூஸ் கட்டைக்குக் குறுக்கே வைத்தேன், 6 வோல்ட். ஆறு வோல்ட், எட்டு ஆம்பியர், 48 வாட், அதாவது இரண்டு சால்டரிங் அயர்ன் அந்தக் கட்டைக்குள் எரிந்துகொண்டிருக்கிறது. மெயினை அணைத்து இழுத்துப் பார்த்தால் செம்புத் தகட்டில் பச்சைப் பூப்பு, ஒரு பக்கம் கருகல். மேலே பிளக்கின் ஒரு காலில் 5 வோல்ட், அதுவும் கருகல்.

கட்டையையும் பிளக்கையும் மாற்றியதும் ஏசி பாயிண்டில் 221. கட்டைக்குக் குறுக்கே இப்போது 0.1. மிச்சம் 8 வோல்ட், மூன்று மாடி ஏறும் 1 ஸ்கொயர் எம்எம் பழைய வயரில் போகிறது, அதையும் மாற்றிவிடலாம் என்று சொன்னேன். ஏசிதான் ஓடுகிறதே தம்பி, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்.